வனுவாட்டு பலகையை யாரும் கேட்பதில்லை

மாதிரி ஐ.நா. சபை என்று ஒன்று இப்போது பெரிய பள்ளிகளில் எல்லாம் நடக்கிறது. எம்.யு.என். என்பார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேச வேண்டும். இரண்டு நாள் நிகழ்ச்சி, நுழைவுக் கட்டணம் உண்டு, பிள்ளைகள் வெயிலில் கோட் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒருமுறை அப்படி ஒரு பள்ளியில் உதவிக்கு நின்றேன். நாட்டின் பெயர் எழுதிய பலகைகளைக் கொடுக்கும் மேசை என்னுடையது. அமெரிக்கா, ரஷ்யா பலகைகளுக்கு அடிதடி. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சார், வனுவாட்டுன்னு போட்டிருக்கு. இது நாடா, ஊரா?"

"நாடுதாம்மா. பசிபிக் கடல்ல இருக்கு."

"வேற மாத்திக் குடுங்க சார். இத வச்சுக்கிட்டு நான் என்ன பேசறது?"

மாற்றிக் கொடுத்தேன். அவளுக்கு நெதர்லாந்து கிடைத்தது. சந்தோஷமாகப் போனாள்.

அது 2019. அதே வருடம் வனுவாட்டின் தலைநகர் போர்ட் விலாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள் ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஆறு வருடம் கழித்து, 2025 ஜூலை 23 அன்று, அந்த வேலை நெதர்லாந்தின் ஹேக் நகரில், சர்வதேச நீதிமன்றத்தில் வந்து முடிந்தது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று 15 நீதிபதிகளும் ஒரே குரலில் கருத்துச் சொன்னார்கள். வனுவாட்டு பலகையை வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் இருக்க முடியாது. அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லத்தான் வழியில்லை.

இளைஞர் தலைமைப் பயிற்சி என்ற பெயரில் நானும் பல முகாம்கள் நடத்தியிருக்கிறேன். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, குழுவாகப் பிரிந்து விவாதம், கடைசி நாள் சான்றிதழ், குரூப் போட்டோ. 'உலகப் பிரச்சினைகளும் இளைஞர்களும்' என்று பிளெக்ஸ் அடித்திருப்போம். மூன்றாவது நாள் மாலை பஸ் ஏறியதும் அந்த உலகப் பிரச்சினையும் பஸ் ஏறிவிடும். அதனால்தான் போர்ட் விலா மாணவர்களின் கதையை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவர்களுக்கு யாரும் தலைமைப் பயிற்சி கொடுக்கவில்லை. ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்.

வீட்டுப்பாடம்

தென் பசிபிக் பல்கலைக்கழகம் 12 தீவு நாடுகள் சேர்ந்து நடத்துவது. 1968ல் தொடங்கியது. தலைமை வளாகம் பிஜியின் சுவாவில் இருக்கிறது. நம் ஆட்கள் ஒரு காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன அதே பிஜி. சட்டப் படிப்பு மட்டும் போர்ட் விலாவில், எமாலஸ் வளாகத்தில். சாலமன் தீவுகள், டோங்கா, பிஜி என்று பல தீவுகளின் பிள்ளைகள் அங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள்.

சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டம் எடுத்த ஜஸ்டின் ரோஸ், பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு பயிற்சி வைத்தார். காலநிலை மாற்றத்தால் அடி வாங்கும் தீவுகளுக்கு சர்வதேசச் சட்டத்தில் எந்தெந்தக் கதவுகள் இருக்கின்றன, அவற்றில் எதைத் தட்டலாம் என்று தேடிச் சொல்ல வேண்டும். மாணவர்கள் வழிகளை அலசினார்கள். இருப்பதிலேயே பெரிய கதவைத் தேர்ந்தெடுத்தார்கள்: சர்வதேச நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து கேட்பது.

இந்தப் பிள்ளைகளுக்கு இது ஏட்டுப்பாடமாக இருந்திருக்காது. 2015 மார்ச்சில் பாம் புயல் அடித்தபோது வனுவாட்டுக்கு ஏற்பட்ட சேதம் அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறக்குறைய 64 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். 80 சொச்சம் தீவுகள், 3 லட்சத்தைச் சுற்றி மக்கள்தொகை. தஞ்சாவூர் நகரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உலகம் விடும் புகையில் அவர்கள் பங்கு கணக்கில் சேராத அளவு.

யோசனை புதிதும் இல்லை. 2011ல் பலாவ் நாட்டு அதிபர் ஜான்சன் டொரிபியாங் ஐ.நா.வில் இதையேதான் கேட்டார். அது நகரவில்லை. அதாவது மாணவர்கள் எடுத்தது ஏற்கெனவே ஒரு நாட்டின் அதிபரே தட்டித் திறக்காத கதவு. நம் ஊர் முகாமில் ஒரு குழு இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் ஒருங்கிணைப்பாளர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த ஒருங்கிணைப்பாளர் நானாகவே இருந்திருப்பேன். "நல்ல யோசனைப்பா, ஆனா நம்ம லெவலுக்கு மரம் நடுறது மாதிரி ஏதாவது யோசிப்போமே."

கதவின் பூட்டு

இந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். மாணவர்களின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

சர்வதேச நீதிமன்றத்தில் இரண்டு வகை வேலை நடக்கும். ஒன்று, நாட்டுக்கும் நாட்டுக்கும் வழக்கு. இன்னொன்று, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால் நீதிமன்றம் சொல்லும் ஆலோசனைக் கருத்து. இரண்டாவதை எந்த நாடும் தனியாகக் கேட்க முடியாது. ஐ.நா. சாசனத்தின் 96ஆவது பிரிவுப்படி பொதுச் சபையோ பாதுகாப்புச் சபையோ கேட்க வேண்டும், ஐ.நா.வின் வேறு சில அமைப்புகளும் அனுமதி பெற்றுக் கேட்கலாம். பாதுகாப்புச் சபையில் வீட்டோ இருக்கிறது. பொதுச் சபையில் அது கிடையாது. அமெரிக்காவுக்கும் ஒரு வாக்கு, துவாலுவுக்கும் ஒரு வாக்கு.

ஆக, 'காலநிலை நீதி' என்ற வானளவு விஷயம் ஒரு தீர்மானத்துக்குப் போதுமான கைகளைச் சேர்க்கும் வேலையாகச் சுருங்கிவிட்டது. யாரைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எத்தனை பேர் சரி என்று சொன்னால் ஆயிற்று என்பதெல்லாம் எழுதி வைக்கக்கூடிய கணக்கு. மலைப்பு போய்விட்டது. வேலைதான் பாக்கி.

பசிபிக் தீவு நாடுகளின் அரசுகளுக்கு மாணவர்கள் கடிதம் எழுதினார்கள். காது கொடுத்தது வனுவாட்டு. அப்போதைய வெளியுறவு அமைச்சர் ரால்ஃப் ரெகன்வானு மாணவர்களைச் சந்தித்தார். 2019 ஆகஸ்டில் துவாலுவில் கூடிய பசிபிக் தீவுகள் மன்றத்தின் தலைவர்கள், இந்த யோசனையை 'நல்லவிதமாகக் கவனத்தில் கொண்டார்கள்'. ராஜதந்திர மொழியில் இதற்கு 'சரி, பார்ப்போம்' என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டே ஓட ஆரம்பித்தார்கள். 'காலநிலை மாற்றத்துக்கு எதிராகப் போராடும் பசிபிக் தீவு மாணவர்கள்' என்று அமைப்புக்குப் பெயர். சாலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹௌனியுஹி தலைவர். அதே நாட்டின் சாலமன் யோ ஆரம்ப வருடங்களில் பிரச்சாரத்தை நடத்தினார்.

அடுத்து கொரோனா. வனுவாட்டு 2020 மார்ச்சில் எல்லையை மூடியது. திறந்தது 2022 ஜூலையில்தான். மூடிய அடுத்த மாதமே ஹெரால்டு புயல் வந்து வடக்குத் தீவுகளை உருட்டிவிட்டுப் போனது. எந்த முகாமும் கலைந்துபோக இது போதும். இவர்கள் ஆன்லைனில் தொடர்ந்தார்கள். மற்ற கண்டங்களின் இளைஞர்களோடு சேர்ந்து 'காலநிலை நீதிக்கான உலக இளைஞர்கள்' என்று இன்னொரு அமைப்பும் உருவானது. பசிபிக் பிள்ளைகள் மட்டும் கேட்டால் பசிபிக் பிரச்சினை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அந்தந்த அரசிடம் அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் போய்க் கேட்டால் அதற்கு வேறு கனம்.

2021 செப்டம்பரில் வனுவாட்டு அரசு அதிகாரபூர்வமாக இதைக் கையில் எடுத்தது. குவாம் தீவின் ஜூலியன் அகுவோன் நடத்தும் புளூ ஓஷன் லா என்ற சட்ட நிறுவனத்தை அமர்த்தியது. மாணவர்களின் யோசனையைப் பெரியவர்கள் வாங்கிக்கொண்ட பிறகு வழக்கமாக நடப்பது நமக்குத் தெரியும். மேடையில் ஓரத்தில் ஒரு நாற்காலி, நன்றியுரையில் ஒரு வரி. இங்கே அப்படி ஆகவில்லை. அது எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கேள்வியை எழுதுவது

முழுக் கதையிலும் நான் அதிக நேரம் நின்று பார்த்த இடம் இது. நீதிமன்றத்திடம் என்ன கேட்பது?

கோபத்தில் இருப்பவர்கள் எழுதியிருந்தால் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இத்தனை வருடம் புகை விட்ட நாடுகள் குற்றவாளிகளா, எங்களுக்கு எவ்வளவு தருவார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் அதைத் தீர்மானமாகப் பொதுச் சபைக்குக் கொண்டுபோனால் பாதிப் பேர் அறையைவிட்டு வெளியேறியிருப்பார்கள்.

கடைசியில் கேட்டவை இரண்டு. காலநிலையைப் பாதுகாக்க, இப்போதைய தலைமுறைக்காகவும் வரப்போகும் தலைமுறைக்காகவும், சர்வதேசச் சட்டப்படி நாடுகளுக்கு என்ன கடமைகள் இருக்கின்றன? தங்கள் செயலாலோ செய்யாமல் விட்டதாலோ பெரும் தீங்கு விளைவித்த நாடுகளுக்குச் சட்டரீதியான விளைவுகள் என்ன, குறிப்பாகச் சிறு தீவு நாடுகள் விஷயத்தில்? எந்த நாட்டின் பெயரும் இல்லை. பழி என்ற சொல் இல்லை. ஆனால் இரண்டாவது கேள்விக்குள் அது மொத்தமும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

வனுவாட்டோடு சேர்த்து 18 நாடுகள் வரைவில் உட்கார்ந்தன. ஜெர்மனி இருந்தது, வங்கதேசம் இருந்தது, வியட்நாம், சிங்கப்பூர், உகாண்டா இருந்தன. 2023 மார்ச் தொடக்கத்தில் ஜூடி, கெவின் என்று இரண்டு புயல்கள் ஒரே வாரத்துக்குள் வனுவாட்டை அடித்தன. அந்த மாதம் 29ஆம் தேதி தீர்மானம் சபைக்கு வந்தபோது 132 நாடுகள் இணைந்து முன்மொழிந்திருந்தன. வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. அமெரிக்கா ஆட்சேபத்தைச் சொன்னது, ஆனால் தடுக்கவில்லை. தீர்மான எண் 77/276.

'மரம் நடுவோம்' என்று சொல்லியிருக்கக்கூடிய நான் இந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஹேக்

2024 டிசம்பர் 2 முதல் 13 வரை விசாரணை. 96 நாடுகளும் 11 சர்வதேச அமைப்புகளும் வாய்மொழியாக வாதிட்டன. அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் இவ்வளவு பேர் வந்ததில்லை. முதல் நாள், முதல் முறை வனுவாட்டுக்கு. பிஜி, சாலமன் தீவுகள் போன்ற மெலனீசிய நாடுகளின் கூட்டமைப்பும் அதே முறையில் சேர்ந்து பேசியது.

மாணவர்கள் ஓரத்து நாற்காலியில் உட்காரவில்லை என்று சொன்னேன் அல்லவா. அந்த முதல் முறையில் அமைச்சரும் தலைமை வழக்கறிஞரும் பேராசிரியர்களும் நின்ற அதே இடத்தில் சிந்தியா ஹௌனியுஹியும் நின்றார். தலையில் தன் மக்களின் மரபு அணி. சாலமன் தீவுகளில் தன் மக்களின் நிலமான ஃபனாலேய் கடலுக்குள் போய்க்கொண்டிருப்பதை நீதிபதிகளிடம் சொன்னார். கடிதம் எழுதிய மாணவிக்கு ஐந்து வருடம் கழித்து அரசு மைக்கைக் கொடுத்திருக்கிறது. எல்லா நாடுகளுக்கும் அளந்து கொடுத்த நேரத்தில் தன் பங்கிலிருந்து சில நிமிடங்களை எடுத்துக் கொடுத்திருக்கிறது. இளைஞர்களுக்கு இடம் தருகிறோம் என்று யார் சொன்னாலும் இனி நான் கேட்கப்போவது, உங்கள் நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் என்றுதான்.

இந்தியாவும் வாதிட்டது, டிசம்பர் 5ஆம் தேதி. வளர்ந்த நாடுகளின் பழைய பொறுப்பை அழுத்திச் சொன்னது. அதே மூச்சில், இருக்கும் காலநிலை ஒப்பந்தங்களைத் தாண்டிப் புதிய கடமைகளை நீதிமன்றம் உருவாக்க வேண்டாம் என்றும் சொன்னது. ஒப்பந்தங்களே போதும் என்றுதான் பெரிய அளவில் புகை விடும் நாடுகள் பலவும் நின்றன. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. உலகப் பிரச்சினை என்று பாடம் எடுக்கும்போது நம் நாட்டை மட்டும் வெளியே நிற்க வைத்துவிட்டு எடுக்கக் கூடாது.

2025 ஜூலை 23. நீதிமன்றத் தலைவர் இவாசாவா யூஜி சுமார் இரண்டு மணி நேரம் வாசித்தார். ஒப்பந்தங்கள் மட்டும் போதும் என்ற வாதம் எடுபடவில்லை. மற்ற சர்வதேசச் சட்டங்களும் சேர்ந்தே பொருந்தும் என்றது நீதிமன்றம். தூய்மையான, ஆரோக்கியமான சூழல் மனித உரிமை. கடல் ஏறி நிலம் போனாலும் ஒரு நாடு நாடாக இருப்பது அதனாலேயே இல்லாமல் போய்விடாது. அந்தக் கருத்துரையின் 427ஆவது பத்தியை மட்டும் யாராவது தமிழில் எழுதிக் கல்லூரிச் சுவரில் ஒட்டலாம். புகையிலிருந்து காலநிலையைக் காக்க ஒரு நாடு தக்க நடவடிக்கை எடுக்கத் தவறினால் அது சர்வதேசச் சட்டப்படி தவறான செயலாக ஆகக்கூடும் என்கிறது. அதோடு விடவில்லை. நிலக்கரி, எண்ணெய் எடுப்பது, எரிப்பது, தேடுவதற்கு உரிமம் கொடுப்பது, மானியம் கொடுப்பது என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடுக்குகிறது.

அன்று ஹேக்கில் மாணவர் அமைப்பின் சார்பில் நின்றவர் பிஜியின் விஷால் பிரசாத். இயக்குநர் பொறுப்பு அதற்குள் கைமாறியிருந்தது. இதைச் சாதாரணமாகக் கடந்துபோகிறார்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. மாணவர் என்பது மூன்று நான்கு வருட வேலை. பட்டம், திருமணம், பிழைப்பு என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் ஒரு துடிப்பான பையன் படிப்பை முடித்துப் போனதும் அமைப்பும் அவனோடு போவதை எத்தனை முறை பார்த்தாயிற்று. ஆறு வருட வேலையை முதல் வருடத்து ஆட்களை மட்டும் நம்பி இவர்கள் கட்டவில்லை. அதே வருடம் ரைட் லைவ்லிஹூட் விருது அமைப்புக்கும் அகுவோனுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

குறைகளும் உண்டு. ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. கருத்து வந்த மறுநாளும் அனல் மின் நிலையங்கள் ஓடின. 27 பேரும் சட்டம் படித்தவர்கள், ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்கள்; மீன்பிடிக்கும் பையன் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க முடியாது. ஓர் அரசு முன்வராமல் இருந்திருந்தால் அழகான ஒரு வீட்டுப்பாடமாகவே இது நின்றிருக்கும். அந்த அரசும் எளிதில் சந்திக்கக்கூடிய அரசு. 3 லட்சம் பேர் உள்ள நாட்டில் அமைச்சரைப் பார்ப்பதும் நம் ஊரில் அமைச்சரைப் பார்ப்பதும் ஒன்றா?

தூண்டில் வளைவு

இந்தக் கடைசிக் கேள்வி என்னை விடவில்லை. நமக்கு எட்டும் கதவு எது? போன வருடம் கடலோரக் கிராமங்களிலிருந்து வரும் ஏழு கல்லூரி மாணவர்களோடு சோதித்துப் பார்த்தோம். சார்ட் பேப்பர் வாங்கவில்லை.

அவர்கள் ஊரில் கடல் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. சிலர் காலநிலை என்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் தெற்கே கடலுக்குள் கல் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவைக் கை காட்டினார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். நம் கிழக்குக் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்லைக் கொட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இந்தக் கணக்குத்தான். சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரை பார்த்ததில், இந்தியக் கடற்கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருக்கிறது.

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது என்று முடிவானது. முதல் வரைவைக் கொண்டுவந்தார்கள். முதல் கேள்வி: "எங்கள் கிராமத்தை ஏன் அரசு புறக்கணிக்கிறது?"

"இதுக்கு என்ன பதில் வரும்?" என்று கேட்டேன்.

"புறக்கணிக்கலன்னு வரும்" என்றாள் ஒருத்தி.

அதுகூட வராது. அந்தச் சட்டத்தில் கிடைப்பது அலுவலகத்தில் இருக்கும் ஆவணம் மட்டும். 'ஏன்' என்று கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்போதுதான் பொதுச் சபையின் இரண்டு கேள்விகளை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பழியை எப்படி மடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். மூன்று வாரம் ஆனது. ஒரு கேள்வியில் 'மற்றும்' போட்டால் அதிகாரி பாதிக்கு மட்டும் பதில் தருவார் என்று ஒருவன் அவன் மாமாவிடம் கேட்டு வந்து சொன்னான். கடைசியில் நான்கு வரி நின்றது. தூண்டில் வளைவுக்கு அனுமதி தந்த ஆணையின் நகல். அதற்கு முன் செய்த கரை ஆய்வின் நகல். வடக்கே உள்ள கிராமங்களுக்கு ஏற்படும் பாதிப்பு குறித்த பக்கங்கள். பணி முடிந்த பின் கரையை அளந்த பதிவேடு.

28ஆம் நாள் பதில் வந்தது. முதல் கேள்விக்கு நகல் இருந்தது. இரண்டாவதை வேறு அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்களாம், 6(3) என்று சட்டப் பிரிவின் எண் போட்டிருந்தது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் 'ஆவணம் ஏதும் இல்லை'.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. 'புறக்கணிக்கலன்னு வரும்' என்று சொன்ன பெண் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"சார், அளந்த பதிவேடு இல்லைன்னு கையெழுத்துப் போட்டே குடுத்துட்டாங்களே."

மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. வரைவு இப்போது அவர்களிடம் இருக்கிறது. ஏழு பேரில் இருவர் இந்த வருடம் படிப்பை முடித்துப் போகிறார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று பேரை அவர்களே பிடித்து வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த மூவருக்கும் முதல் வேலையாக ஒரு நைலான் கயிற்றைக் கொடுத்திருக்கிறார்கள். அமாவாசைக்கு அமாவாசை, மாதா கோயில் படியிலிருந்து அலை தொடும் இடம் வரை அளந்து, தேதி போட்டு, நோட்டில் எழுதி, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.